மாமா கொண்டுவந்த கோடி

ஃப்ரீசர் பெட்டியின் வயர் எட்டவில்லை. மாதுரி சுவரோரம் மண்டியிட்டு, தம்பியின் போன் சார்ஜரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் எக்ஸ்டென்ஷனைச் செருகினாள். பெட்டி உறுமத் தொடங்கியது. உள்ளே தம்பி பிரதீஷ் கிடந்தான். லைசென்ஸ் கைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தேவராவில் மருந்துக்கடை வேலைக்குப் போகும் வழியில், மழையில் பைக் வழுக்கி மின்கம்பத்தில் மோதிவிட்டான். பழி போட எதிரே ஒரு வண்டிகூட வரவில்லை.

"அழாத சரோஜா," என்றார் சுடலைமணி மாமா, மாதுரியின் அம்மாவான தன் தங்கையின் தோளைத் தட்டி. "இன்சூரன்ஸ் இருக்குல்லா? பதினஞ்சு லட்சம் வரும். அண்ணன் நான் பாத்துக்கிடுதேன்."

கொச்சி மட்டாஞ்சேரியின் அந்தச் சந்தில் மாமா சொன்னால் சொன்னதுதான். ஷார்ஜாவில் டாக்ஸி ஓட்டித் திரும்பியவர். பைக் வாங்கும்போதும் அவர்தான் சட்டம் பேசினார். "பத்தொம்பது வயசுப் பையன், புது லைசென்ஸ். அவன் பேர்ல போட்டா இன்சூரன்ஸ்காரன் பிரீமியம் ரெட்டிப்பு வாங்குவான். மாதுரி லைசென்ஸ் பழசு. அவ பேர்ல எடு."

வண்டி அவள் பேருக்கு வந்தது, இன்சூரன்ஸும் வந்தது. பிரதீஷ் அன்றெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். "யார் பேர்ல இருந்தா என்னடா, ஓட்டறது நீதான?" என்று மாதுரிதான் அவனைச் சமாதானப்படுத்தினாள்.

இன்சூரன்ஸ் ஏஜென்ட் சஜி வந்து பெட்டிமேல் பூ வைத்தார். மாமா அவரை விடவில்லை. தண்ணீர் டாங்கின் பக்கம் தள்ளிக்கொண்டு போனார், மாதுரியையும் கூப்பிட்டார்.

"எப்ப கிட்டும் சஜி?"

சஜி தரையைப் பார்த்தார். "மாமா, அந்தத் தொகை வண்டியோட ஓனர் ஓட்டி மரிச்சாதான். ஓனர் மாதுரியல்லே? பிரதீஷுக்கு ஒன்னும் கிட்டாது."

"அவன் பேர்ல எடுத்திருந்தா பிரீமியம் ரெட்டிப்புல்லா ஆயிருக்கும்?"

"அது கல்ஃப்ல மாமா. இங்க வயசு நோக்கறதில்ல, வண்டியோட சிசி மட்டும்தான். அவன் பேர்லன்னாலும் கட்டவேண்டியது இதே பைசாதான்."

"பின்ன ஏன் நீ அன்னிக்கே சொல்லல?"

"ஆரு பேர்ல எடுக்கணும்னு நீங்க என்கிட்ட கேக்கவே இல்லையே."

செத்தது மாதுரியாக இருந்தால் பணம் மறுபேச்சில்லாமல் வந்திருக்கும். மாமாவின் மேல் வந்த ஆத்திரம் போதாமல் தன் மேலும் வந்தது, கொட்டும் மழையில் வண்டியை எடுத்த தம்பியின் மேலும் வந்தது.

சஜி நகர்ந்ததும் மாமா குரலைத் தாழ்த்தினார். "அம்மாகிட்ட இப்ப ஒன்னும் சொல்லாத. கையெழுத்துப் போட்டது நீதான், பாத்துக்க."

அவள் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் சத்தம் போட்டாள். "தாய்மாமன் எங்க? கோடி போடணும், நேரமாகுது!"

பிரதீஷை வெளியே எடுத்து பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் சரோஜா. "எங்கண்ணன் இருக்கவேதான் நான் நடுத்தெருவுக்கு வரல," என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதாள். அதைக் கேட்ட பெண்கள் மாமாவுக்கு மரியாதையாக வழிவிட்டார்கள்.

மாமா புதுத்துணியைப் பிரித்தார். "ஒரு முனையைப் பிடி," என்றார் மாதுரியிடம்.

அவள் கால்மாட்டுக்குப் போய்ப் பிடித்தாள். துணி முழங்காலுக்குக் கீழே வரவில்லை.

"முழுசா எடுக்கலையா அண்ணாச்சி?" என்றாள் பேச்சியம்மாள்.

"எரியப்போறதுதான? ஒரு மீட்டர் போதும்னு நாந்தான் கடைக்காரன்கிட்ட சொன்னேன்."

கட்டை விரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிய பாதங்கள் வெறுமனே வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மாதுரி தன் முனையைப் பாதத்துக்கு இழுத்தாள். கழுத்திலிருந்து துணி இறங்கியது. மாமா அதைத் தலைப்பக்கம் இழுத்தார். அவள் திரும்ப இழுத்தாள்.

"விடு," என்றார் மாமா மெல்ல.

சரோஜா தலை தூக்கி இருவரையும் பார்த்தாள். மாதுரி விடவில்லை. துணி பிரதீஷின் நெஞ்சுக்கு மேலே, அவன் உடம்பில் படாமல், விறைத்து நின்றது.