உட்கார்வதற்கு ஓர் ஆள்

சட்டம் நிறைவேறிய அன்று அவள் பின்னங்களை நடத்திக்கொண்டிருந்தாள். ஓர் ஆரஞ்சுப் பழத்தைச் சுளை சுளையாகப் பிரித்து முதல் பெஞ்சிலிருந்து கொடுத்துக்கொண்டு வருகையில் தலைமையாசிரியை வாசலில் வந்து நின்றார். அவர் முகத்தைக் கண்டதும் மிச்சச் சுளைகளை மேசைமேல் வைத்தாள். அவள் வெளியே போய்த் திரும்புவதற்குள் வகுப்பு அவற்றைத் தின்று தீர்த்திருந்தது. மூன்றில் ஒரு பங்கு யாருக்குப் போயிற்று என்பது கடைசிவரை தெரியவில்லை.

மாநிலச் சட்டமன்றம் இரண்டு பொருள்களை ஒரே சட்டமாகத் தைத்திருந்தது. பள்ளியாண்டு இனி ஒரு மாதம் முந்தித் தொடங்கும். ஆண்டுக்கென விதித்த பள்ளி நாள்களில் ஒன்றும் குறையலாகாது என்பது ஒன்று. அரசுப் பள்ளியில் பாடம் நடத்துவோர் ஆசிரியத் தகுதிச் சான்றிதழ் பெற்றிருத்தல் வேண்டும். பெறாதவர் தேர்வெழுதித் தேறும்வரை, பெற்றவர் ஒருவர் அவ்வறையில் உடனிருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டையும் முடிச்சிட்டது கடைசி வரி: சான்றிதழாளர் அறையில் இல்லாத நாள், பள்ளி நாளாகக் கொள்ளப்படாது.

அவளிடம் சான்றிதழ் இல்லை. பிரசவ விடுப்பில் சென்ற ஒருவருக்கு மாற்றாக நான்காம் வகுப்பு பி பிரிவுக்கு வந்தவள். சென்றவர் திரும்பவில்லை, வந்தவள் போகவில்லை. ஆண்டுகள் கழிந்தன. வீட்டுக்கு வெளியே தனதென்று அவள் கைநீட்டிக் காட்டக்கூடியது ஒன்று உண்டென்றால், அது அந்த நான்கு சுவர்களும் அவற்றினுள் எழும் இரைச்சலுமே.

"உங்களுக்கு ஒரு துணை ஏற்பாடு பண்ணிட்டேன். இங்கயே ஓவிய வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவர். பழைய சட்டத்துல வாங்கின சான்றிதழ், ஆயுசுக்கும் செல்லும்" என்றார் தலைமையாசிரியை.

"அவர் பாடம் நடத்துவாரா?"

"சேச்சே, நீங்கதான் நடத்தணும். அவர் உக்காருவார்."

மறுநாள் ஓவிய வாத்தியார் ஒரு சிறு மெத்தைத் திண்டும் ஒரு ஃபிளாஸ்க்கும் கொண்டு வந்தார். பின்சுவரோரம் நாற்காலியை இழுத்துப்போட்டு, திண்டைத் தட்டிப் பரப்பி அமர்ந்தார். பாடம் தொடங்குமுன் அவள் அவரருகே சென்றாள்.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. நடுவுல எதுவும் பேச வேண்டாம்."

"பேச மாட்டேன்மா. நான் வாயைத் திறந்தா, இதுங்களுக்கு நாளையிலேருந்து நான்தான் டீச்சர். எனக்கு அந்த வயசெல்லாம் தாண்டிப்போச்சு."

சொன்னபடியே இருந்தார். முற்பகலில் குறுக்கெழுத்துப் புதிர்; பிற்பகலில் உறக்கம். பிள்ளைகள் அவருக்கு நாற்காலி சார் என்று பெயரிட்டார்கள். அவர் குறட்டை விடும்போது வாசிப்புப் பாடத்தை அதன் தாளத்துக்கேற்ப வாசிக்கப் பழகினார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. பல்வலி தாளாமல் மருத்துவரிடம் போய்விட்டு, பிற்பகல் மணியடித்த பிறகு கன்னம் வீங்க வந்து சேர்ந்தார். அவள் காலையிலேயே தனித்து நின்று பாடத்தை முடித்திருந்தாள். ஆயினும் அந்த நாள் பள்ளி நாளன்று என்று மேலிடம் அறிவித்தது. எண்ணிக்கை குறையலாகாதே, ஆகவே நான்காம் வகுப்பு பி பிரிவு மட்டும் சனிக்கிழமை வரவழைக்கப்பட்டது.

அவள் கரும்பலகையில் தேதியை எழுதி, நீர்ச் சுழற்சியைத் தொடங்கினாள். முன்பெஞ்சிலிருந்து பட்டாசு என்னும் சிறுமி எழுந்தாள். அவளுக்கு அந்தப் பட்டப்பெயர் முதல் வகுப்பிலேயே வந்தது.

"டீச்சர், இதைச் செவ்வாய்க்கிழமையே நடத்திட்டீங்க."

"செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் நடக்கல."

"நடந்துச்சு டீச்சர்! எனக்கு மூக்குல ரத்தம்கூட வந்துச்சே!"

"வரல. உக்காரு."

"என் பல்லு மட்டும் நிஜமாவே போயிடுச்சு. அது கணக்குல வருமான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றது பின்சுவரோரக் குரல்.

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்திருக்க வேண்டும். அதே கடலை அதே இடத்தில் வரைந்தாள். அதே மேகத்தை அதே மலைமேல் நிறுத்தினாள். அம்புக்குறி மேலேறிக்கொண்டிருக்கையில், தன்னுள் ஏதோ ஒன்று சத்தமின்றி அணைந்துபோனதை உணர்ந்தாள். வலியில்லை. குளிர்ந்த நீரில் நெடுநேரம் வைத்திருந்த கையைப் போல இருந்தது. தன்னுடையதாகத் தோன்றவில்லை, அவ்வளவே.

தேர்வெழுத விண்ணப்பித்தாள். தேறிவிட்டால் அறை முழுதும் தனதாகும். பின்சுவர் வெறும் சுவராகும். வேண்டியது அது ஒன்றே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லும்போது நெஞ்சு பதைக்கவில்லை, ஆயினும் படித்தாள்.

அவள் கணவன் அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். இரவு உணவுக்குப் பின் அவள் புத்தகத்தை விரித்தால் எதிரே வந்து அமர்வான்.

"பாஸ் பண்ணிட்டா என்னையும் கைதூக்கிட்டுத்தான் பேசச் சொல்லுவியா?"

"இப்பவே அப்படித்தான் பேசணும். நீங்கதான் கேக்கறதில்ல."

ஆண்டிறுதி விடுமுறையைப் புதிய நாட்காட்டி பாதியாக வெட்டியிருந்தது. அந்தப் பாதியில் தேர்வு வந்தது. யாரோ கலைத்துவிட்டுப்போன பொம்மை வீடுபோல் பெஞ்சுகள் இடம் மாறிக் கிடந்த ஒரு பெரிய கூடத்தில் அமர்ந்து எழுதினாள். ஒரு வினா, குழந்தை ஒன்று நெடுநேரம் கையுயர்த்தியிருந்தால் ஆசிரியர் முதற்கண் செய்ய வேண்டியது யாது என்று கேட்டது. நான்கு விடைகளில் சரியானதைக் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

தேறினாள். பள்ளி திறப்பதற்கு முன்தினம் தலைமையாசிரியை அழைத்தார்.

"முதல்ல வாழ்த்து. உக்காருங்க டீச்சர்." பிறகு சற்றுநேரம் மேசைமேலிருந்த பேனாவை நேராக்கினார். "உங்களை ஆற்றுக்கு அந்தப்பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாத்தியிருக்காங்க. நாளைக்கே சேரணும்."

"ஏன் மேடம்?"

"அங்க ஒரு வகுப்புக்குச் சான்றிதழ் உள்ளவங்க யாரும் இல்ல. அவங்க நாள் ஒண்ணுகூடக் கணக்குல வராது. இங்கதான் நாற்காலி சார் இருக்காரே."

"அங்க நான் எந்த வகுப்பு நடத்தணும்?"

தலைமையாசிரியை அவள் கண்ணைப் பார்க்கவில்லை. "நடத்த ஆள் இருக்காங்கம்மா. உக்கார்றதுக்குத்தான் ஆளில்ல."

"நாலாம் வகுப்பு பி?"

"ஒரு சின்னப் பொண்ணு வருது. நல்லா நடத்துவான்னு சொன்னாங்க. சான்றிதழ் இன்னும் இல்ல."

"நான் போக மாட்டேன்னு சொன்னா?"

"சான்றிதழை நிறுத்தி வைப்பாங்க. அப்புறம் அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல."

சினம் எழவேண்டிய இடம் அது. அவள் காத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒருவர் கொடிக்கம்பத்துக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார். அவர் நடுக்கம்பம்வரை பூசி முடித்தும் சினம் வரவில்லை. கையெழுத்திட்டாள்.

தன் அலமாரியைக் காலி செய்ய வகுப்பறைக்குப் போனபோது நாற்காலி சார் அங்கே இருந்தார். செய்தி அவருக்கு முன்பே எட்டியிருந்தது. தம் திண்டை ஒரு பையில் திணித்து அவளிடம் நீட்டினார்.

"வச்சுக்கோங்க. அந்தப் பள்ளிக்கூடத்து நாற்காலி எப்படி இருக்குமோ."

"உங்களுக்கு சார்?"

"எனக்கு மரத்துப்போச்சும்மா" என்று சொல்லி, ஃபிளாஸ்க் மூடியைத் திருகி மூடினார்.

வீட்டில் கணவன் முதலில் சிரித்தான். "அடிச்சது யோகம்! எங்க வேலையிலயும் ஒருத்தர் வருவார். நாங்க மேல தொங்கிட்டு இருப்போம், அவர் கீழ நின்னு அண்ணாந்து பார்ப்பார். அதுக்குப் பேர் பாதுகாப்பு." அவள் திரும்பிக்கொண்டு தட்டுகளை அடுக்கியதைக் கண்டு அடங்கினான். பிறகு எழுந்துவந்து, அவள் கையிலிருந்து தட்டுகளை வாங்கித் தானே கழுவினான். அவன் அப்படிச் செய்வது அரிது. அதுகூட எங்கோ தொலைவில், வேறொருத்திக்கு நடப்பதாகத் தோன்றியது.

மறுநாள் ஆற்றுப் பாலத்தில் நெரிசல், பேருந்து தாமதித்தது. அவள் போய்ச் சேர்ந்தபோது மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள். அவ்வகுப்பின் இளம் ஆசிரியை வாசலில் நின்று பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தவள் உள்ளே நுழையும்வரை எவரும் அமரவில்லை. அவள் பின்சுவரோரம் போய் அமர்ந்தாள். நாற்காலி முனகியது. நாள் தொடங்கியது.

இளம் ஆசிரியை அவசரமாக அருகே வந்தாள். நெற்றியில் வியர்வை, விரல்களில் இப்போதே சுண்ணத்தூள்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. நடுவுல நீங்க எதுவும்..."

"பேச மாட்டேன்மா. நீ போய் நடத்து."

அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

பெருக்கல் பாடம். இளம் ஆசிரியை பலகையை நோக்கி நின்று, எழுதுவதும் துடைப்பதுமாக இருந்தாள். கெட்டிக்காரிதான், ஆனால் முதுகு மட்டுமே தெரிந்தது. கடைசிக்கு முந்திய பெஞ்சில், ஓரத்தில், ஒரு சிறுமி கையுயர்த்தினாள். அந்த முதுகு திரும்பவில்லை. சிறுமி கையை மாற்றினாள். பிறகு இடக்கையால் வலக்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, நம்பிக்கை குன்றாமல் காத்திருந்தாள்.

ஒரு சொல் போதும். "அங்க பாரும்மா" என்றால் தீர்ந்தது. அந்தச் சொல் தொண்டைவரை வந்ததை அவள் உணர்ந்தாள். எத்தனையோ நாளுக்குப் பின் உள்ளிருந்து எழுந்தது அது ஒன்றுதான். சொல்லிவிட்டால் அத்தனை தலைகளும் பின்னே திரும்பும். அப்புறம் அவை முன்னே திரும்பா. முன்னே நிற்பவளுக்கும் அந்த நான்கு சுவர்களைத் தவிர வேறென்ன இருக்கும்?

சிறுமியின் கை மெல்லத் தாழ்ந்தது. தாழ்ந்த கை, பெஞ்சின்மேல் எதையோ கீறத் தொடங்கியது.

அவள் குனிந்து, காலடியிலிருந்த பையைத் திறந்து, திண்டை எடுத்தாள். சற்றே எழுந்து அதை நாற்காலியில் பரப்பினாள். மீண்டும் அமர்ந்தாள்.