வில்ஃபின் பெட்டி

எனிட் பிராக்கிள்பிக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அன்று காலை அது பாதாளத்தில் இருந்தது.

"இந்தக் கேக்கை எல்லாம் கீழ எடுத்து வைங்க," என்றாள்.

கோயிலுக்குள் நின்றுதான் சொன்னாள். பாதி பெஞ்சுகளைக் கழற்றி எறிந்துவிட்டுக் கம்பளம் விரித்து, புதன்கிழமைதோறும் அங்கே காபிக் கடை நடத்துகிறார் புதுப் பாதிரியார் டோபி. எலுமிச்சைக் கேக், காபி கொதிக்கும் பாத்திரம், காகிதக் குவளைகள் எல்லாம் ஒரு நீள மேசைமேல் இருந்தன. பூப்போட்ட மேசை விரிப்பின் ஓரத்தில் பித்தளைக் கைப்பிடி ஒன்று எட்டிப் பார்த்தது. எனிட் விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள். மேசை இல்லை. தூம்பா, பிணமில்லாத சடங்குச் சவப்பெட்டி.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். வருஷாவருஷம் இந்த நாளில் அந்த வெறும் மரப்பெட்டியைப் பீடத்தின் முன்னால் வைத்து, கறுப்புப் போர்வை போர்த்தி, சுற்றிலும் ஆறு மஞ்சள் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். பழைய சாமியார் பெல்லம் கறுப்பு அங்கியில் அதைச் சுற்றி வந்து தீர்த்தம் தெளித்துத் தூபம் காட்டுவார். இங்கிலாந்துத் திருச்சபைதான், ஆனால் ரோமாபுரிக் கத்தோலிக்கர்களே அசந்து போகிற மாதிரிப் பூசை நடந்த கோயில் அது. ஊருக்கு அந்தப் பெட்டி செத்தவர்கள் எல்லாருக்கும் பொது. எனிட்டுக்கு மட்டும் அது வில்ஃபின் பெட்டி.

எழுபத்து நாலாம் வருஷம் தை மாதக் குளிரில் அவள் புருஷன் வில்ஃப் ஏறி, கிரிம்ஸ்பியிலிருந்து போன மீன்பிடிக் கப்பல் ஐஸ்லாந்துக் கடலில் ஆளோடு போய்விட்டது. ஒரு பூட்ஸ்கூடக் கரை ஒதுங்கவில்லை. அப்போது அவளுக்கு இருபத்து நாலு வயது. அந்த வருஷக் கல்லறைத் திருநாளில் கறுப்புப் போர்வைமேல் கையை வைத்துக்கொண்டு பூசை முடியும்வரை நின்றாள். பெல்லம் சாமியார் பார்த்தார், தடுக்கவில்லை. வில்ஃபுக்கு நடந்த ஒரே சாவுச் சடங்கு அதுதான். செத்தவர்கள் பாவம் தீரக் காத்திருக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் அவன் எங்கே நின்றாலும் வருஷத்துக்கு ஒருநாள் அவனுக்கு ஒரு பூசை போய்ச் சேரும் என்று நம்பினாள். அந்த நம்பிக்கையில்தான் நாற்பத்தெட்டு வருஷம் ஓடியது.

டோபி வந்து எட்டு மாதம். முதலில் தூபம் போனது, யாருக்கோ இருமல் வருகிறதாம். புகைபோட்ட மீனைத் தின்று வளர்ந்த ஊருக்குப் புகை ஆகாதாம்! பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் குழந்தைகளின் தள்ளுவண்டிகள் வந்தன. பெரிய பீடத்தை மறைத்துப் படம் காட்டும் திரை வந்தது. பிஷப்புக்கு மூன்று கடிதம் எழுதினாள். மூன்றுக்கும் ஒரே பதில், கையெழுத்துகூட அச்சு. எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். கல்லறைத் திருநாளுக்குக் கண்டிப்பாக ஏதாவது செய்வோம் என்று டோபி சொல்லியிருந்தாரே, அதற்காக.

"ஃபாதர், இன்னைக்குப் பூசை எத்தனை மணிக்கு?"

"டோபின்னே கூப்பிடுங்க எனிட்," என்றார் அவர். முப்பத்தைந்து வயது, நல்ல மனுஷன், அதுதான் தொல்லை. "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நினைவுக் கூட்டம் வச்சிருக்கோம். வில்ஃப் போட்டோ குடுங்க, திரைல போடறோம். அப்புறம் ஆளுக்கொரு கூழாங்கல்லை எடுத்துத் தண்ணித் தொட்டியில..."

"தண்ணியிலயா?"

"ஆமா, மெதுவா, ஒரு அடையாளமா..."

"தண்ணியில போனவனுக்கு நான் தண்ணியில கல்லப் போடணுமா தம்பி?"

டோபியின் முகம் செத்துவிட்டது. கேக் வெட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கத்தியைக் கீழே வைத்தார்கள்.

"மன்னிச்சுக்குங்க, நான் யோசிக்கல. ஆனா எனிட், கடவுளுக்கு இந்தப் பெட்டியெல்லாம் வேணுமா? அவரு வில்ஃபை மறக்கவே மாட்டாரு."

"அவருக்கு வேணாம். எனக்கு வேணும்! பூசை அப்பத்துல ஆண்டவர் உடம்பா வர்றாருன்னு சொல்லித்தானே இத்தனை வருஷம் என்னை இங்க முட்டி போட வச்சீங்க? அவருக்கு உடம்பு வேணும், என் புருஷனுக்கு மட்டும் போட்டோ போதுமா?"

டோபி கைப்பேசியை எடுத்தார். "அந்தப் பழைய ஜெபத்தை இப்பவே சொல்லிடறேன், இருங்க. இதுல கிடைக்கும்..."

"அதை உள்ள வைங்க."

வில்ஃபின் தம்பி ஆர்னால்ட் வாசலில் நின்றிருந்தான். எழுபது வயது. தூபக்கலசம் பிடிக்க அங்கியைத் துவைத்துப் பையில் எடுத்து வந்திருந்தான், பாவம். "அண்ணி, விட்டுத் தொலைங்க. வீட்டுக்குப் போலாம்."

"போலாம். நீ அந்தப் பக்கம் பிடி."

"எதை?"

"உங்க அண்ணனை."

கேக்கை அவளே இறக்கித் தரையில் வைத்தாள். கொதிக்கிற பாத்திரத்தை டோபி ஓடிவந்து தூக்கினார், சூடு பட்டும் விடவில்லை. கறுப்புப் போர்வை குழந்தைகள் மூலையில் பொம்மலாட்டத்துக்குத் திரையாகத் தொங்கியது, உடம்பெல்லாம் வெள்ளிக் காகித நட்சத்திரம். ஒன்றை உரித்தாள், துணியும் சேர்ந்து கிழிந்தது. அப்படியே கொண்டுவந்து போர்த்தினாள்.

புறப்படும்போது, படத்திரைக்குப் பின்னால் ஆண்டவரின் அப்பம் வைத்த நற்கருணைப் பேழை இருந்த பக்கம் பார்த்து அவள் கால் பழக்கத்தில் மடங்கியது. மடங்கியதற்கும் கோபம் வந்தது. "உம்மகிட்ட நான் தனியாப் பேசணும்," என்று அந்தப் பக்கமே சொன்னாள். "கடல் அவரைக் கொண்டுபோனப்பகூட உம்மை ஒரு வார்த்தை கேக்கல. இப்ப கேப்பேன்."

உள்ளே ஒன்றும் இல்லாத பெட்டி, அதனால் இரண்டு கிழங்களால் தூக்க முடிந்தது. டோபி கூட வந்தார், எதைப் பிடிப்பது என்று தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டார். தெருவில் கடல்காற்று போர்வையைப் பிடுங்கியது. ஆர்னால்ட் ஒரு கையால் அதை அமுக்கிக்கொண்டே நடந்தான். எதிரே வந்த பஸ் நின்றது. அதன் பின்னால் கார்கள் நின்றன, ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. மீன்கடைக்காரர் ஏப்ரனோடு வெளியே வந்து தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். ஊருக்குப் புதியவர்.

"யாரும்மா?" என்று மெல்லக் கேட்டார்.

"என் வீட்டுக்காரர்."

"ஐயோ. எப்பம்மா தவறினாரு?"

"எழுபத்து நாலுல," என்றாள் எனிட். "இன்னைக்குத்தான் எடுக்கறோம்."