இரண்டு விரல் தள்ளி ஒட்டிய வீடு

1

இந்தக் கதை ஒரு பிசின் போத்தலில் தொடங்கியது. (இல்லை, பயத்தில் தொடங்கியது. பிசின் என்று எழுதினால் கொஞ்சம் மரியாதையாக இருக்கிறது.)

நான் உசனார். புத்தளத்து உப்பளத்தில் கூலி. நாற்பத்தெட்டு வயதில்தான் எழுத்துக் கூட்டப் பழகினேன். வசனம் அங்கங்கே முறியும்.

2

முதல் தொடக்கம்: 'கடற்காற்று இதமாக வீசிய ஒரு—' இல்லை. அன்று காற்றே இல்லை.

இரண்டாம் தொடக்கம்: புதுப் பாதை எங்கள் குடியேற்றத்துக்குள்ளால் எப்படிப் போகும் என்று சனத்துக்குக் காட்ட, அட்டையில் செய்த ஊரை லொறியில் கொண்டுவந்தார்கள். பள்ளிக்கூட மண்டபத்துக்குள் தூக்கி வைக்க என்னைப் பிடித்தார்கள். வாசல் நிலையில் மேசை இடித்தது. ஒரு வெள்ளை வீடு கழன்று விழுந்தது.

"நானா, நீங்க இந்த ஊர்தானே? இது ஆர்ட வீடு?" என்று பாதைத் திட்டக் கந்தோரிலிருந்து வந்த ஸாஜிதா மிஸ் கேட்டார்.

"றஹ்மத் உம்மாட."

"அப்ப நீங்களே ஒட்டிவிடுங்க."

ஒட்டினேன். இரண்டு விரல் தள்ளி, வெறும் வளவில். (தெரியாமல்தான். உப்பில் வெடித்த கை, வீடோ நகத்தளவு. இதையாவது நம்புங்கள்.)

3

மேசைக்கு மேலே ஒரு கமெராவும் வெளிச்சப் பெட்டியும். கமெரா அட்டை வீடுகளைப் பார்க்கும். கொம்பியூட்டர், ஆகக் குறைந்த வீடுகள் உடையும் வழியாகச் சிவப்பு வெளிச்சத்தில் பாதையைப் போடும். வீட்டை நகர்த்தினால் கோடும் நகரும்.

எல்லோரும் தங்கள் தங்கள் வீட்டை மட்டும் தேடினார்கள்.

"அல்ஹம்துலில்லாஹ், என்ட வீடு தப்பிட்டு!" என்றாள் றஹ்மத் உம்மா. "டேய் உசனார், ஒன்ட மூஞ்சி ஏன்டா காஞ்ச கருவாடு மாதிரி?"

கூட்டம் சிரித்தது. சிவப்புக் கோடு ஒரு வெறும் இடத்தில் கிடந்தது. அந்த இடத்தில்தான், நிஜத்தில், அவளுடைய அடுப்பு எரிகிறது.

4

லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் மண்டபம் காலியானது. வெளிச்சத்தை அணைக்க மறந்துவிட்டார்கள். பிசினும் காயவில்லை. வீட்டை அதன் சரியான இடத்துக்கு விரலால் தள்ளினேன்.

கோடு வழுக்கி வந்து என் வீட்டின் மேல் படுத்தது.

திரும்பவும் தள்ளி வைத்தேன். காயும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

5

இந்த உசனாரை எனக்குப் பிடிக்கவில்லை. நல்லவனாக்கி எழுதிப் பார்த்தேன்: 'உசனார் ஓடிப்போய், மிஸ், பிழை நடந்து—'

எழுத்து நன்றாகத்தான் வந்தது. அவன்தான் ஓடவில்லை. அன்று கோடு விழுந்தபடியே வரைபடமாக்கிவிட்டார்கள்.

6

நேற்று றஹ்மத் உம்மாவுக்குக் கடிதம் வந்தது. தொண்ணூறில் எங்கள் சனத்தை விரட்டியபோது மன்னாரிலிருந்து ஒரே வள்ளத்தில் வந்தோம். அவளுடைய போத்தல் தண்ணீரில் பாதியைக் குடித்தவன் நான். கடிதத்தை என்னிடம்தான் கொண்டுவந்தாள்.

"வாசி தம்பி. என்னவாம்?"

"வீட்டை... அளக்க வருவாங்களாம், ராத்தா."

"அளக்கட்டுமே! தப்பின வீடுதானே. ஏதோ போமும் வெச்சிரிக்கானுகள். நீதான் இப்ப பெரிய எழுத்தாளன், நீயே நிரப்பு."

அது, வீடு உடைபடுவதற்கு எதிரான ஆட்சேபனைப் படிவம். நாளை கடைசி நாள்.

7

இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் அவளுக்கு வீடில்லை. மற்றதில் எனக்கு.

வீட்டில் வேறு தாள் இல்லாததால் இந்தக் கதையை அந்தப் படிவத்தின் பின்பக்கத்தில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். முன்பக்கத்தில் 'காரணம்' என்று ஒரு சொல். அதன் கீழே நான்கு வெறுங்கோடுகள். இங்கே இடம் முடிகிறது. தாளைத் திருப்ப என் கை—

நீங்கள் திருப்புங்கள்.