படத்தில் இல்லாத கட்டில்

டேப்பு என்கிற பெண் இன்டீரியர் டிசைன் பட்டப்படிப்பில் சேர்ந்த முதல் வருடம், அவள் வரைந்த படத்தில் ஆசிரியை கையெழுத்துப் போட்ட அதே மத்தியானம், வீட்டில் அவளுடைய அப்பா படுத்திருந்த கட்டில் காணாமல் போனது. அப்பா விழவில்லை. மல்லாந்தபடி அந்தரத்தில் கிடந்தார். அவருக்கு அடியில் புது மேஜை ஒன்று வந்திருந்தது, மேஜைமேல் விளக்கு. நேற்று வரை வெறும் சுவராக இருந்த இடத்தில் கதவில்லாத பெரிய ஜன்னல். பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து, அப்பாவுக்கும் மேஜைக்கும் நடுவே துடைப்பத்தை விட்டு ஆட்டிப் பார்த்தாள். எதிலும் தட்டவில்லை. "நல்லதாப் போச்சு, மேஜை துடைக்க வசதி" என்றாள். பிறகு ஜன்னலைப் பார்த்துத்தான் பதறினாள். அந்தச் சுவருக்குப் பின்னால் இருப்பது அவளுடைய அடுப்படி. போய்ப் பார்த்தால் அடுப்படி அப்படியே இருந்தது, பால்தான் பொங்கி வழிந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே அடுப்படியும் தெரியவில்லை, வானமும் தெரியவில்லை. தாள்போல ஒரே வெள்ளை.

அப்பா கிடங்கில் மூட்டை தூக்கியவர். அடுக்கு சரிந்து இடுப்பில் விழுந்த நாளிலிருந்து கட்டில்தான் அவருக்கு ஊரும் உலகமும். அம்மா சலவைக்கடையில் இஸ்திரி போட்டாள். வீடு ஒற்றை அறை. அதில் பாதியைக் கட்டில் பிடித்துக்கொள்ள, மிச்சத்தில் சமையல், சாப்பாடு, படிப்பு, சண்டை எல்லாம் நடந்தன. கல்லூரியில் முதல் வாரமே ஆளுக்கொரு இரும்பு டேப் கொடுத்தார்கள். இவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு தெருக்குழாய், பஸ் சீட், பக்கத்து வீட்டுக்காரியின் அம்மிக்கல் என்று கண்டதையெல்லாம் அளந்தாள். டேப்பு என்ற பெயர் அப்படி விழுந்தது. பெற்றவளே கொஞ்ச நாளில் அப்படித்தான் கூப்பிட்டாள்.

அந்தப் படிப்பில் உட்கார்ந்து பாடம் கேட்பது குறைவு. ஸ்டுடியோ என்ற நீளக் கூடத்தில் ஆளுக்கொரு சாய்வு மேஜை. அங்கேயே வரைந்து, அட்டை வெட்டி, பசை ஒட்டி, சின்னச் சின்ன அறைகள் செய்ய வேண்டும். ஆசிரியை மேஜை மேஜையாக வந்து பக்கத்தில் உட்கார்ந்து, படத்தின்மேல் மெல்லிய தாளை விரித்துத் தன் பென்சிலால் திருத்திக் காட்டுவார். முடித்ததைச் சுவரில் குத்தி, வெளியிலிருந்து வருகிறவர்கள் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். அதற்கு ஜூரி என்று பெயர். கொலை செய்தவனுக்குக்கூட வக்கீல் வைத்துக்கொள்ள வழி உண்டு, அங்கே அதுவும் கிடையாது.

முதல் வேலை, வசிக்கிற அறையை அளந்து, அதை எப்படி மாற்றுவீர்கள் என்று வரைவது. டேப்பு ஒன்றையும் ஒளிக்காமல் அளந்து வரைந்தாள். கட்டிலையும் போட்டாள். பக்கத்து மேஜைப் பெண்ணின் படத்தில் வீட்டுக்குள்ளேயே மாடிப்படி வளைந்து போனது. அந்த நேரம் பார்த்து ஆசிரியை வந்து உட்கார்ந்தார். பென்சில் முனை நேராகக் கட்டிலில் போய் நின்றது.

"இந்த மூலை மட்டும் ஒரே அடைசலா இருக்கேம்மா. என்ன இது?"

எங்கப்பா என்று சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. மாடிப்படிக்காரி எட்டிப் பார்த்தாள்.

"பழைய சாமான் மேடம்."

"அப்ப எடுத்துடு. கொஞ்சம் வெளிச்சம் வரட்டும்."

ஆசிரியைமேல் குற்றமில்லை, அவர் சாமானைத்தான் எடுக்கச் சொன்னார். டேப்பு கட்டிலை அழித்தாள். அங்கே படிக்கிற மேஜை போட்டாள், பின்சுவரில் ஜன்னல் திறந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் வரையவில்லை, தாள் அத்தோடு முடிந்துவிட்டது. அந்த வருடத்தின் நல்ல படம் அதுதான் என்று மதிப்பெண் போட்டு, கையெழுத்தும் போட்டு, கண்ணாடிச் சட்டத்தில் அடைத்து நடைகூடத்தில் மாட்டினார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அப்பா தலையைத் திருப்பி, மேஜையையும் ஜன்னலையும் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"நல்லாத்தான் வரைஞ்சிருக்கே. என்னை எங்கம்மா போட்டே?"

"மறந்துட்டேன்பா."

"பரவால்ல. அடுத்ததுல போடு."

அடுத்ததிலும் போட்டாள், அதற்கடுத்ததிலும் போட்டாள். வீட்டைப் புதிதாக வரைந்து கட்டிலைப் பழைய மூலையிலேயே வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை, கையெழுத்து விழாத தாள் வெறும் தாள்தான். ஆசிரியையிடம் நீட்டினால், முடிந்த வேலைக்கு இன்னொரு தாள் வாங்கமாட்டோம் என்றார். மாட்டிய படத்தைக் கேட்டால் அது கல்லூரிச் சொத்து என்றார். பிறகு வந்த வருடங்களில் அவள் புத்தகக்கடை வரைந்தாலும் மூலையில் ஒரு கட்டில், முடிதிருத்தகம் வரைந்தாலும் ஒரு கட்டில். "உன் கடைக்கு வர்றவங்க எல்லாருக்கும் தூக்கம் வருமா?" என்று ஜூரியில் கேட்டுச் சிரித்தார்கள். கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள். எங்குமே இல்லாத கடைகளில் கட்டில் போட்டு என்ன ஆகப்போகிறது?

வீட்டில் அப்பாவின் கனம் குறைந்துகொண்டே வந்தது. இடுப்பு வலி சுத்தமாக நின்றுவிட்டது. அதைச் சொல்லி முதலில் சந்தோஷப்பட்டார், பிறகு பசியும் நின்றபோது பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஜன்னல் பக்கமாக நகர ஆரம்பித்திருந்தார். அந்த ஜன்னல் வழியாக ஒரு கரண்டியும், ஒரு தலையணையும், அம்மாவின் ஒற்றைச் செருப்பும் போயிருந்தன. விழுந்த சத்தம் கேட்கவில்லை, திரும்பி வரவும் இல்லை. பலகை அடித்தால் பலகையும் போனது. அம்மா அவர் இடுப்பில் கயிறு கட்டி மேஜைக்காலில் முடிந்தாள். "பெத்த அப்பனை விட்டுட்டு மேஜைக்கு விளக்கு போட்டிருக்கா பாரு மகராசி" என்று இஸ்திரிப்பெட்டியிடம் சொல்வதுபோலத் தினமும் சொன்னாள். டேப்பு அந்த மேஜையில் ஒருநாள்கூட உட்கார்ந்து படிக்கவில்லை. தரையில்தான் விரித்து வரைந்தாள், கயிற்றுக்கு அடியில்.

கடைசி வருடம் அப்பாவின் பாதங்கள் ஜன்னலுக்கு வெளியே போயின. இழுத்துப் பார்த்தபோது விரல்களில் நிறமில்லை. ஓரம் மட்டும் பென்சில் கோடாக இருந்தது.

கடைசி ஜூரி அன்று காலை, டேப்பு சுவரில் படங்களைக் குத்திக்கொண்டிருந்தபோது அம்மாவின் போன் வந்தது.

"முழங்கால் வரைக்கும் போயிட்டாருடி. நான் பிடிச்சு இழுக்கறேன், கயிறு பிரி பிரியா விட்டுட்டு வருது. வாயேன்."

பஸ் பிடித்துப் போவதற்குள் கயிறு அறுந்துவிடும். போனாலும் அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. செய்ய வேண்டியது நடைகூடத்தில் தொங்கியது. அவள் போய்ச் சட்டத்தைக் கழற்றினாள், தரையில் வைத்து டேப்பாலேயே கண்ணாடியை உடைத்தாள். வெளியிலிருந்து வந்த பெரியவர்கள் கூடிவிட்டார்கள். பேனாவைத் திறந்தவள் அப்போதுதான் பார்த்தாள், படத்தில் இடமே இல்லை. அந்த மூலையில் மேஜை, இந்தப் பக்கம் அடுப்பு, அங்கே அலமாரி, எல்லாம் மையில் போட்டவை. காலியாக இருந்தது வாசல் மட்டும். வாசலில் குறுக்காகக் கட்டிலைப் போட்டாள். அதை அளக்க டேப் வேண்டியிருக்கவில்லை. கட்டிலுக்குள் அப்பா என்று எழுதினாள்.

ஆசிரியை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஏசுவதற்கென்று திறந்த வாய், எழுத்தைப் படித்ததும் வேறு ஒன்று கேட்டது.

"அன்னிக்கு அந்த மூலைல இருந்தது..."

"எங்கப்பா மேடம். கையெழுத்து போடுங்க. சீக்கிரம் போடுங்க மேடம்."

ஆசிரியை குனிந்து படத்தைப் பார்த்தார். எவ்வளவு அவசரம் என்றாலும் அவரால் படத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது.

"வாசலை மறிச்சுட்டியேம்மா. எப்படி உள்ள போவீங்க?"

"ஏறித்தான் போகணும்."

அவர் பழைய மதிப்பெண்ணை அடித்தார். பக்கத்தில் அதில் பாதியை எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் அம்மாவின் கையில் கயிறு இல்லை, நுனிதான் இருந்தது. வாசல் பக்கம் மூட்டை இறக்கியதுபோலத் தொப்பென்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து "ஐயோ, என் இடுப்பு!" என்று ஒரு கத்தல். தெருவே கேட்டது. அம்மா அதைக் கேட்டு உட்கார்ந்து அழுதாள். வலி முழுசாகத் திரும்பியிருந்தது, பசியும்.

டேப்பு படிப்பை முடித்தாள், பரிசு எதுவும் இல்லாமல். இப்போது கடைகளுக்கும் வீடுகளுக்கும் அறை வரைகிறாள். எந்த வீட்டை வரையப் போனாலும், சாமான்களை அளப்பதற்கு முன்னால், இங்கே யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்கிறாள். மூலையில் படுத்திருப்பவரைச் சொல்லத் தயங்கினால் டேப்பை வெளியே எடுப்பதில்லை. ஜன்னல் இன்னும் அங்கேயே வெள்ளையாக இருக்கிறது. குப்பை கொட்ட அம்மா அதைப் பயன்படுத்துகிறாள். அப்பாவின் கால்விரல்கள் கோடாகவே நின்றுவிட்டன. நகம் வெட்டுகிற வேலை மிச்சம் என்கிறார். நாலு பேர் பிடித்தும் கட்டிலை வாசலிலிருந்து அசைக்க முடியவில்லை. பிறகு யாரும் அதற்கு மெனக்கெடவில்லை. தண்ணீர் கேன் போடுகிறவனும் பக்கத்து வீட்டுக்காரியும் ஏறித்தான் இறங்குகிறார்கள். அவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் யாரும் உள்ளே போக முடிவதில்லை. சாயங்காலம் தெருமுனையில் மகளின் இடுப்பு டேப் கிணுகிணுப்பது கேட்டதும், அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு காலை மடக்கி வழிவிடுகிறார்.