கடிக்கிற கை

உப்பளத்தில் வேலைக்குச் சேருகிறவனுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது உப்பு வாருவதை அல்ல. செருப்பில்லாமல் மோட்டாரைத் தொடாதே என்பதைத்தான். கடலோரக் களப்புத் தண்ணீரை இறைத்துப் பாத்திக்கு விடுகிற மோட்டார் அது. சுற்றிவர ஈரம், ஈரமெல்லாம் உப்பு. அன்ரனிப்பிள்ளை ஒருநாள் வெறுங்காலோடு போய்க் கை வைத்தான். கரண்ட் எறிந்த எறியில் அடுத்த பாத்தி வரம்பில் போய்க் கிடந்தான். தலவிலக் கோயில் புனித அன்னம்மாள்தான் தன்னைக் காப்பாற்றினாள் என்று இன்றைக்கும் சொல்வான். அதற்குப் பிறகு வந்த றப்பர் செருப்புத்தான் மிச்சப் பேரைக் காப்பாற்றியது என்பது அங்கேயே வேலை செய்கிற உசனாரின் கணக்கு.

ஆகவே வீட்டில் கரண்ட் அடிக்கத் தொடங்கியதும் உசனார் செய்த முதல் வேலை, றப்பர் செருப்பை வீட்டுக்குள்ளேயும் மாட்டிக்கொண்டதுதான்.

அது மழை பொய்த்த வருஷம். கச்சான் காற்று நாளெல்லாம் வீசி, கொடியில் போட்ட துணி கருவாடாகக் காய்ந்தது. உப்புக்கு அது நல்ல காலம், மனிசருக்கு இல்லை. உசனாரின் பெண்டாட்டி ஹவ்வாவுக்கு மூத்தவள், லாத்தா ஷம்லா, குவைத்திலிருந்து வந்தவள், நோன்புப் பெருநாளைக்கு ஒரு கம்பளம் கொண்டுவந்து போட்டிருந்தாள். சிவப்பில் பெரிய பெரிய ரோசாப்பூ. சீமெந்து போட்ட அந்த ஒற்றை அறையை அது சுவருக்குச் சுவர் மூடிக் கிடந்தது. ஹவ்வாவுக்கு அதில் அவ்வளவு பெருமை. வீட்டுக்கு வருகிறவர்கள் கால் வைக்கப் பயந்து ஓரமாய் நடப்பார்கள்.

உசனார் ஹவ்வாவைக் கலியாணம் முடித்து ஒன்றரை வருஷம். அவளுடைய முதல் மாப்பிள்ளையைக் கடல் கொண்டுபோயிருந்தது. அவருக்குப் பிறந்த பிள்ளை றிஃப்னாவுக்கு ஆறரை வயது. உசனாரைச் சாச்சா என்று கூப்பிடச் சொல்லியிருந்தார்கள். அவள் எப்படியும் கூப்பிடுவதில்லை. முதல் ஆறு மாதம் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். பிறகு அவர் கொண்டுவருகிற பிஸ்கட்டை, அவர் வைத்துவிட்டு நகர்ந்த பிறகு எடுத்தாள். பிறகு கையிலிருந்தே வாங்கினாள். காட்டுப் புறாவுக்குத் தீனி வைத்துப் பழக்குகிறது போலத்தான். அவசரப்பட்டால் பறந்துவிடும். உசனார் அவசரப்படவில்லை.

கடைசியில் ஒருநாள் பின்னேரம், அவர் வேலையால் வந்து கம்பளத்தில் நடந்து கதிரையடிக்குப் போகையில், அவள் தானாக வந்து முன்னால் நின்று வாயைத் திறந்தாள். கீழ்ப்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. ஆடுதா என்று பார்க்க உசனார் விரலை நீட்டினார். உதட்டில் தொட்டதும் தொடாததுமாய் ‘டிக்’ என்று ஒரு சத்தம். பிள்ளை வீறிட்டு ஓடிப்போய் உம்மாவின் சீலைக்குள் முகத்தைப் புதைத்தது.

"கடிக்கிறாரு உம்மா, கையால கடிக்கிறாரு."

அன்றைக்கே உசனார் செருப்பை மாட்டிக்கொண்டுபோய் மெயின் சுவிச்சை அணைத்தார். மறுநாள் பிஸ்கட் கொடுக்கையில் திரும்பவும் கடித்தது. அலுமாரிக் கைபிடியில் கடித்தது. கம்பளத்தில் சுருண்டு கிடந்த பூனையைத் தடவப்போக, அதன் மூக்கில் பொறி தெறித்து அது கூரைக்கே பாய்ந்துவிட்டது. வயரில் கரண்ட் இல்லை, ஆனாலும் அடிக்கிறது. அப்படியென்றால் அது எங்கே இருக்கிறது? பத்தொன்பது வருஷமாய் உப்புத் தண்ணிக்குள் நின்ற உடம்பு. உப்புத்தான் கரண்டை இழுக்கும் என்று மோட்டாரடியில் எல்லாருக்கும் தெரியும். எல்லாம் தனக்குள்ளேதான் ஊறிக்கிடக்கிறது என்று உசனார் முடிவு கட்டிவிட்டார். ஹவ்வாவிடம்கூட அதைச் சொல்லவில்லை. பிள்ளைக்குப் பக்கத்தில் போவதை நிறுத்தினார். பிஸ்கட்டை முந்தி மாதிரி மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். செருப்பை மட்டும் ஒரு நேரமும் கழற்றவில்லை, தொழப்போகிற நேரம் தவிர.

ஹவ்வாவுக்கு அது நிறைமாதம். பத்து நாளில் புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அந்த நாட்களில் றிஃப்னாவை உசனார்தான் பார்த்துக்கொள்வதென்று பேச்சாக இருந்தது. இப்போது பிள்ளை மாட்டேன் என்றுவிட்டது. ஷம்லா மதுரங்குளியில் தன் வீட்டிலிருந்து போன் எடுத்து, பிள்ளையைத் தன்னிடம் அனுப்பட்டும், வசதியாக வளரும், விருப்பமென்றால் அங்கேயே பள்ளிக்கூடத்துக்கும் சேர்க்கலாம் என்றாள். ஹவ்வா உசனாரின் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

பிள்ளையின் விருப்பம் என்று சொல்லிவிட்டு உசனார் கிணற்றடிக்குப் போனார். போனால் அது திரும்பி வராது என்று அவருக்குத் தெரியும். திரும்பி வந்தாலும் மறுபடி கதவுக்குப் பின்னாலிருந்துதான் தொடங்கவேண்டும். இரண்டு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு சும்மா நின்றார்.

விநாயகமூர்த்தியை வரச்சொன்னது ஹவ்வாதான். உப்பளத்தில் மோட்டார் திருத்துகிறவன், உடப்பு ஊர்க்காரன். வெள்ளிக்கிழமை பின்னேரம் டெஸ்டரைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு வந்தான். மெயினைப் போட்டுவிட்டுச் சுவிச், பிளக், வயர் எல்லாவற்றிலும் வைத்துப் பார்த்தான். ஒரு இடத்திலும் லீக் இல்லை. தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு யோசித்தான். உசனார் வேறு வழியில்லாமல் உடம்பில் ஊறிய உப்பைப் பற்றிச் சொன்னார். விநாயகமூர்த்தி சிரிக்கவில்லை, அப்படியென்றால் அதே உப்பில் நிற்கிற அன்ரனிப்பிள்ளை இதற்குள் பற்றியெரிந்திருப்பானே என்று மட்டும் கேட்டான்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து றிஃப்னாவின் குரல் வந்தது.

"உளூச் செஞ்சிட்டு வந்தா கடிக்கிறல்ல."

ஹவ்வா திரும்பிப் பார்த்து, தொழுமுன் கைகால் கழுவிக்கொண்டு வந்தால் கடிக்காதென்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

"பூனை காலுல உரசுது. செருப்புப் போட்டா ஓடுது. நான் பாத்த."

விநாயகமூர்த்தி கோப்பையை வைத்துவிட்டு உசனாரின் காலைப் பார்த்தான், பிறகு கம்பளத்தைப் பார்த்தான். குனிந்து உள்ளங்கையால் ரோசாப்பூவை நாலு தரம் அழுத்தித் தேய்த்தான். அவன் கை மயிரெல்லாம் எழும்பி நின்றது.

"உசனார் நானா, மோட்டர் கரண்ட் வெளியில இருந்து உங்களுக்கு வாறது. அதுக்குத்தான் செருப்பு. இது நீங்க இதில நடக்க நடக்க உங்கட உடம்பில சேருறது. வெறுங்கால் எண்டாலும் கொஞ்சம் நிக்கும், ஆனா ஈரக்காலோட வந்தா நிலத்தில இறங்கிப் போயிடும். நீங்க போகவிடாமக் கட்டி வச்சிருக்கிறீங்க. பிறகு ஆரைத் தொடுறீங்களோ அவையிட்டப் பாயுது."

உசனார் தன் காலைப் பார்த்தார். பிள்ளையைக் காப்பாற்ற என்று போட்ட செருப்பு. குனிந்து ஒவ்வொன்றாய்க் கழற்றினார், கொண்டுபோய் வாசலுக்கு வெளியில் வைத்தார்.

கம்பளத்தைச் சுருட்டுவதற்கு ஹவ்வாவுக்கு மனம் வரவில்லை. லாத்தா வந்து கேட்டால் என்ன சொல்கிறது என்றாள். பிறகு தன் வயிற்றைப் பார்த்தாள், கதவுப் பக்கம் பார்த்தாள், ஒரு பெருமூச்சோடு தானே ஒரு நுனியைப் பிடித்தாள். அவளை விலக்கிவிட்டு ஆண்கள் இருவரும் சுருட்டிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார்கள். மாதக்கணக்கில் வெளிச்சம் காணாத சீமெந்துத் தரை வெளியே வந்தது. ஹவ்வா ஒரு வாளித் தண்ணீர் தெளித்துக் கூட்டினாள். காய்ந்த காற்றுக்கு அது எல்லாருக்கும் இதமாக இருந்தது.

விநாயகமூர்த்தி போன பிறகு உசனார் அந்த ஈரத்தில் வெறுங்காலோடு உட்கார்ந்தார், கதிரையில் அல்ல, தரையில். யாரையும் கூப்பிடவில்லை. பூனை வந்து முழங்காலில் உரசியது. அவர் அதைத் தொடவில்லை, கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

றிஃப்னா வெளியே வந்தாள். கை எட்டுகிற தூரத்தில் குந்தினாள். சுட்டுவிரலை நீட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அவருடைய கையின் வெடித்த தோலில் ஒரு தரம் குத்திப் பார்த்தாள். கண்ணைத் திறந்தாள். இன்னொரு தரம் குத்தினாள். பிறகு கிட்ட நகர்ந்து வாயைத் திறந்தாள்.

உசனார் முதலில் தரையில் கையை நன்றாக அழுத்தினார். பல்லை முன்னும் பின்னுமாய் மெல்ல அசைத்தார்.

"இன்னும் ரெண்டு மூணு நாளாகும்," என்றார்.

றிஃப்னா வாயை மூடி நாக்கால் அதைத் தானும் ஒருதரம் ஆட்டிப் பார்த்தாள். பிறகு சுட்டுவிரலை அவருடைய கையில் வைத்தபடியே உள்ளே திரும்பி உம்மாவுக்குச் சொன்னாள், நான் மதுரங்குளிக்குப் போகல்ல என்று. ஏன் என்று ஹவ்வா கேட்டதற்கு, பிள்ளை வேலையாட்களுக்குச் சொல்கிற மாதிரிப் பொறுமையாக விளக்கியது.

"பல்லு விழுந்தா கூரையில எறியணும். பெரியும்மாட வீடு மாடி, எனக்கு எட்டாது. சாச்சா தூக்குவாரு."

உசனார் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியே காற்று அவருடைய செருப்பில் ஒன்றைப் புரட்டிப் போட்டிருந்தது. எழுந்துபோய் நிமிர்த்தி வைக்கலாம். ஆனால் பிள்ளையின் விரல் இன்னும் அவருடைய கையில் இருந்தது.