கடல் எந்தப் பக்கம்

கல்முனையில் தண்டவாளம் கிடையாது. கோச்சியைக் கண்ணால் காண வேண்டுமென்றால் மட்டக்களப்பு வரைக்கும் போக வேண்டும். அப்படியிருந்தும் அன்றைக்கு அஸர் தொழுகை முடிந்து எங்கள் வீட்டு மண்டபத்தில் கூடியிருந்த அத்தனை பேரும் கோச்சி நிபுணர்கள். தலைமை நிபுணர் என் மனைவி சுபைறாவின் அண்ணன், அவள் காக்கா என்று கூப்பிடுகிற ஜவுபர் மச்சான். வாழ்நாளில் மூன்று தரம் கொழும்புக்குப் போய் வந்தவர். அதில் ஒரு தரம் மூலவியாதிக்கு வைத்தியம் பார்க்க. போகும்போதும் வரும்போதும் குப்புறப் படுத்திருந்ததால் வழியில் ஒன்றையும் பார்க்கவில்லை.

கூட்டத்துக்குக் காரணம் என் மகள் நதீரா. சண்டை முடிந்த வருசம் அவள் கொழும்பு கெம்பசுக்கு இரசாயனம் படிக்கத் தெரிவானாள். தெருவுக்கே பெருமை என்றார்கள். சொன்ன கையோடு அவள் எங்கே தங்குவது என்பதையும் அவர்களே தீர்மானித்தார்கள். தெரியாத வீட்டில் குமர்ப்பிள்ளையை விடக்கூடாது என்பது மச்சானின் தீர்ப்பு. ஆகவே, சுபைறாவின் சாச்சி மகள் கமீலா பாணந்துறையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் என்ற ஒரே காரணத்துக்காக நதீராவைப் பாணந்துறையில் கொண்டுபோய் விட்டோம். கெம்பஸ் கொழும்பில், படுக்கை பாணந்துறையில். தினமும் போய்வர இரண்டு வழி: காலி-கொழும்பு வீதியால் பஸ், கடலோரத்தால் கோச்சி.

பஸ்தான் என்று நாங்கள் இங்கிருந்தபடியே அறிவித்தோம். அவளும் கொஞ்சக் காலம் பஸ்ஸில் போனாள். பிறகு ஒரு நாள் எனக்குப் போன் எடுத்தாள்.

“வாப்பா, ஒரு நாளும் நேரத்துக்குப் போக ஏலாம இருக்கு. காலம லெக்சருக்குக் கதவப் பூட்டிருவாங்க. இன்னும் இப்பிடிப் போனா சோதினைக்கு இருக்க விடமாட்டாங்களாம். கோச்சில போனாப் போய்ச் சேந்திருவன். உம்மாக்கிட்ட நீங்க கதைங்க.”

நான் சுபைறாவிடம் கதைத்தேன். கதைத்தேன் என்றால், அவள் கதைக்க நான் நின்றுகொண்டிருந்தேன். அதன் பலன்தான் இந்தக் கூட்டம்.

“கோச்சில ஆம்புள பொம்புள எல்லாம் ஒண்டா நெருக்கிக்கிட்டுப் போறது” என்றார் மச்சான், அந்த நெருக்கத்துக்குள்ளிருந்து இப்போதுதான் வெளியே வந்தவர் மாதிரி.

“பஸ்ஸில மட்டும் என்ன, பாய் விரிச்சா கொண்டு போறாங்க?” என்றேன்.

“பஸ்ஸில கொண்டக்டர் இருக்கான்.”

மச்சானுடைய கணக்கில் கொண்டக்டர் என்பவர் காதி நீதவானுக்கு அடுத்த ஆள்.

“காக்கா, அதெல்லாம் கிடக்கட்டும்” என்றாள் சுபைறா. “கடலோரத்தால போற சாமான் என்ட புள்ளைக்கு வேணாம். பஸ்ஸில போய்ப் படிக்க ஏலுமெண்டா படிக்கட்டும். ஏலாட்டி வீட்ட வரட்டும்.”

சுனாமிக்கு முன்பு எங்கள் வீடு கடற்கரைப் பக்கம் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மாவடிப்பள்ளியில் வயலுக்குப் போயிருந்தேன், சுபைறா அவள் உம்மா வீட்டில். நதீரா கிணற்றடியில் உடுப்புக் கழுவிக்கொண்டிருந்தாள். இளையவன் ஸஜாத் அவளுக்குப் பக்கத்தில் சவர்க்கார நுரையில் விளையாடிக்கொண்டிருந்தான். நதீரா ஒரு மாமரத்தில் தங்கினாள். ஸஜாத் தங்கவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் வீட்டில் கதைப்பதில்லை.

புது வீட்டைப் பெரிய றோட்டுக்கு மேற்கே கட்டித் தந்தார்கள். கிழக்குச் சுவரில் ஜன்னலே வேண்டாம் என்று மேசனிடம் சொன்ன அறிவாளி நான்தான். அதனால் எங்கள் வீட்டில் விடிவதே பத்து மணிக்குத்தான். எங்களுக்குக் கடல் என்றால் சூரியன் உதிக்கிற பக்கம். தொழ நின்றால் முதுகுப் பக்கம். வடக்கே மட்டக்களப்புக்குப் போனால் வலப்பக்கம், தெற்கே அக்கரைப்பற்றுக்குப் போனால் இடப்பக்கம். நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கும் இது தெரியும். பஸ்ஸில் ஏறினால் எங்கள் ஊர்ச்சனம் கேட்காமலே மறுபக்கச் சீட்டில் போய் இருக்கும்; கடல் பக்கச் சீட்டு வெளியூர்க்காரனுக்கு.

“வீட்ட வாறதுதான் நல்லம்” என்று மச்சான் மறுபடி தொடங்கினார். “நற்பிட்டிமுனையில ஒரு மாப்புள்ள பாத்து வெச்சிரிக்கன். உரக்கடை.”

எனக்கும் உரக்கடைதான். யூரியா மூட்டைக்கு முன்னால் காலம் முழுவதும் குந்தியிருக்கிற ஆணின் இலட்சணம் என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் வாய் தவறி வீரம் வந்துவிட்டது.

“நான் போய் ரெண்டிலயும் ஏறிப் பாத்துக்கிட்டு வாறன். மறுகா முடிவெடுப்பம்.”

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்திலிருக்கிற சம்மாந்துறைக்குப் போகும் பஸ்ஸிலேயே வாந்தி எடுக்கிறவன் நான். சுபைறா மட்டும் சிரிக்கவில்லை.

“போங்க. ஆனா வந்து பொய் சொல்லக் கூடா. கடல் எவ்வளவு கிட்ட வருதெண்டு உள்ளதச் சொல்லணும்.”

பாணந்துறையில் முதல் நாள் பஸ். அதை பஸ் என்று சொல்வது பஸ்ஸுக்கு அவமானம். கொண்டக்டர் வாசலில் தொங்கிக்கொண்டு “கொழும்ப, கொழும்ப” என்று கத்துகிறான். டிரைவர் எஞ்சினை உறுமவிட்டு ஒரு முழம் முன்னே எடுக்கிறார். புறப்படுகிறதென்று நம்பி நாலு மடையர்கள் ஓடிவந்து ஏறுகிறார்கள். உடனே ஒரு முழம் பின்னே வருகிறது. ஓடிவந்த மடையர்களில் முதலாவது நான். மகள் ஆறுதலாக நடந்து வந்து ஏறினாள். பிறகு ஊர்வலம். பின்னால் இன்னொரு பஸ் கண்ணாடியில் தெரிகிற வரைக்கும் அடக்கம் பண்ண மையித்துக் கொண்டுபோகிற வேகம். தெரிந்துவிட்டால் மையித்தாக்குகிற வேகம். உள்ளே ஆட்களை அடுக்கியிருந்த விதம் வேறு. நெல்லு மூட்டையை அடுக்கும்போதுகூட நாங்கள் மூட்டைக்கு மூட்டை ஒரு மரியாதை வைப்போம்.

சண்டை முடிந்துவிட்ட செய்தி வழியில் இருந்த சோதனைச் சாவடிக்கு இன்னும் எட்டவில்லை. எல்லோரையும் இறக்கினார்கள். என் அடையாள அட்டையில் கல்முனை என்பதைப் பார்த்த ஆமிக்காரப் பொடியன் என்னைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். நானும் என் முகத்தை அட்டையில் இருப்பது போல் வைத்துக்கொள்ள முயன்றேன். அது மனிதனால் முடியாத வேலை. மகளின் பையிலிருந்து வெள்ளைக் கோட்டை எடுத்து உதறினார்கள். என்ன படிக்கிறாய் என்று கேட்டார்கள். அவள் சிங்களத்தில் இரசாயனம் என்றாள். சண்டை நடந்த கிழக்கிலிருந்து வந்து இரசாயனம். சரித்திரம் படித்திருந்தால் அப்போதே விட்டிருப்பார்கள். பஸ் எங்களுக்காக நிற்கவில்லை. காதி நீதவானுக்கு அடுத்த ஆள் எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“எல்லா நாளும் இப்பிடியா புள்ள?” என்றேன்.

“இண்டைக்கு வாப்பா நிண்டதால கொஞ்சம் கூடிப்போச்சு” என்றாள்.

கெம்பசுக்குப் போய்ச் சேர்ந்தபோது கதவு பூட்டியிருந்தது. அவள் வெளியே படிக்கட்டில் போய் இருந்தாள். கொப்பியை முழங்காலில் வைத்து, கதவுக்கு உள்ளேயிருந்து வரும் குரலுக்குக் காதைக் கொடுத்து எழுதத் தொடங்கினாள். பழகிப்போன இடம் என்று அவள் இருந்த விதத்திலேயே தெரிந்தது. நான் தலையைத் திருப்பி அங்கே நின்ற ஒரு மரத்தைக் கவனமாகப் பார்த்தேன். என்ன மரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அடுத்த நாள் கோச்சி. பாணந்துறையிலேயே புறப்படுகிற வண்டி என்பதால் இருக்க இடம் இருந்தது. நான் வாசலில் நின்று, தலையை நீட்டி, வண்டி எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்று கண்டுபிடித்தேன். கொழும்பு வடக்கே. எவ்வளவு கெட்டித்தனம்.

“வடக்க போறம். இடப்பக்கம் இரு மகள்” என்றேன்.

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். “இடப்பக்கமா வாப்பா?”

“ஓம். கேட்டுப் பழகு.”

அவள் ஜன்னலோரம் போய் இருந்தாள். நான் பக்கத்தில் இருந்து, முன்னால் இருந்த சிங்களப் பொம்புளையைப் பார்த்துக் குடும்பத் தலைவனின் புன்னகை ஒன்றைச் செய்தேன். கோச்சி கிளம்பியது. வலப்பக்கம் வீடுகள், மதில்கள், கொடியில் காயும் உடுப்புகள். இது போதும், ஊருக்குப் போய் ‘கடல் எங்கேயோ தூரத்தில்’ என்று சொல்லிவிடலாம் என்று வசனமே கட்டிவிட்டேன்.

மொறட்டுவையைத் தாண்டியது. தென்னைகளுக்கு நடுவில் இடப்பக்கம் என்னமோ மினுங்கியது. தகரக் கூரையாக்கும் என்று நினைத்தேன். கூரை அசைந்தது. தெகிவளையைத் தாண்டியபோது தென்னையும் இல்லை, மதிலும் இல்லை. தண்டவாளம், நாலு கல், கடல். என் மகளின் முழங்கையடியில் கடல்.

மேற்கில் கடல்! அன்று காலையில் பள்ளியில் சுபஹு தொழும்போது முன்பக்கமிருந்து வந்த இரைச்சலை நான் மின்காத்தாடி என்றல்லவா நினைத்திருந்தேன்.

நான் கண்ணை மூடிவிட்டேன். எனக்குத் தெரிந்த எல்லா ஓதலையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு ஓதினேன். மகளின் கையைப் பிடித்திருந்தேன், அவளைக் காப்பாற்றுவதற்காக.

“கண்ணத் திறங்க வாப்பா. சும்மாதான் கிடக்கு.”

“எழும்பு. அங்கால போவம்.”

“வேணாம்.”

“இடப்பக்கம் எண்டு உனக்குத் தெரியுமா?”

“இந்த ஊருல இருக்கிறன், தெரியாம? சொன்னா நீங்க கோச்சில ஏறியிருக்க மாட்டீங்க.”

நான் ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். இரண்டையும் திறக்கிற அளவுக்கு இன்னும் ஆண்பிள்ளையாகவில்லை. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசையாக அல்ல. ஆற்றங்கரையில் நிற்கிற மாட்டைப் பார்க்கிற பார்வை. ஓடினால் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும் என்பது போல.

“அண்டைக்கு நான் கடலுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிண்டன் வாப்பா” என்றாள், திரும்பாமலே. “ஸஜாத்தான் கண்டான். ராத்தா, ராத்தா எண்டு கூப்பிட்டான். விளையாடுறான் எண்டு நினைச்சன். பஸ்ஸில போகக்குள்ள வீடுகளுக்குப் பின்னால எங்கயோ அது இருக்கு, என்ன செய்யுதெண்டு தெரியா. அதுதான் பயம். இஞ்ச பாத்துக்கிட்டுப் போகலாம்.”

ஐந்து வருசமாக அவள் எங்களிடம் சொல்லாததை, ஒபிஸ் போகிற சனம் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெட்டிக்குள் சொன்னாள். மற்றக் கண்ணையும் திறந்தேன். கல்லில் மோதித் தெறித்த தண்ணீர் ஒன்றிரண்டு துளி என் சட்டையில் விழுந்தது. பம்பலப்பிட்டி வரைக்கும் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே போனோம்.

அன்றைக்குக் கதவு திறந்திருந்தது. அவள் உள்ளே போனாள். நான் அந்த மரத்தடியிலேயே போய் நின்றேன்.

ஊருக்குத் திரும்பியபோது நிபுணர் சபை தயாராகக் கூடியிருந்தது. தேத்தண்ணி வந்தது. வழியெல்லாம் நான் ஒத்திகை பார்த்து வந்த பொய் நல்ல பொய். கடல் மொறட்டுவையில் முடிந்துவிடும். சுபைறா எனக்கு நேர் முன்னால் வந்து இருந்ததும் அதைத் தேத்தண்ணியோடு விழுங்கிவிட்டேன்.

“கிட்டயா?”

“கிட்ட. வாசல்ல நிண்டு காலை நீட்டினா நனையும்.”

“நான் சொன்னன்தானே!” என்றார் மச்சான். “மாப்புள்ள வீட்ட நாளைக்கே கதைப்பம்.”

சுபைறா அவரைப் பார்க்கவில்லை. “புள்ள எந்தப் பக்கம் இருந்தாள்?”

“கடல் பக்கம். நான் மறுபக்கம் எண்டு நினைச்சு இருத்தினன். அவள் தெரிஞ்சுதான் இருந்தாள்.” பிறகு, நதீரா சொன்னதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். உரக்கடைக்காரன் வாழ்க்கையில் நிறைகுறையில்லாமல் நிறுத்துக் கொடுத்த ஒரே சரக்கு அதுதான்.

சுபைறா கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நில்லுங்க மச்சான்” என்றார் ஜவுபர். “வடக்க போனாக் கடல் வலப்பக்கம்தானே? எப்பிடி இடப்பக்கம் வரும்?”

“அங்க மேற்கால கடல்.”

“விசர்க்கதை. நான் மூணு தரம் போயிரிக்கன்.”

ஒருவர் மேசையில் சிந்திய தேத்தண்ணியால் இலங்கையைக் கீறினார். இன்னொருவர் அதைத் தலைகீழென்றார். சபை பிளவுபட்டது. அந்தச் சந்தடிக்குள் சுபைறா எழும்பிப் போனை எடுத்துக்கொண்டு குசினிக்குள் அடுப்படிக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

“நாளையிலிருந்து கோச்சில போ” என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். “பாத்துக்கிட்டே போகணும், என்ன? புத்தகத்துக்குள்ள தலைய விட்றாத. கடலடிக்கு வந்ததும் எனக்குக் கோல் எடு.”

இப்போது காலையில் எங்கள் வீடு போன் சத்தத்தில்தான் விடிகிறது. சுபைறா ஓடிப்போய் எடுப்பாள். “கடல் எப்பிடி?” என்று கேட்பாள், பக்கத்து வீட்டு நோயாளியை விசாரிக்கிற மாதிரி. கோச்சிச் சத்தத்துக்குள்ளே நதீரா கத்துவது எனக்கும் கேட்கும்: “கிடக்கு உம்மா!” “எழும்பல்லயா?” “இல்ல!” “சரி, படிச்சிட்டு வா.”

ஜவுபர் மச்சான் இன்னும் நம்பவில்லை. வடக்கே போனால் கடல் வலப்பக்கம்தானாம். நான் கண்ணை மூடிக்கொண்டு போனவன், என் சாட்சி செல்லாதாம். அவரை ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம் என்றிருக்கிறேன், குப்புறப் படுக்காமல் வருவாரென்றால்.