கறுப்புத் திரையில் பரிவட்டம்

1

சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், பேரையூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் செயலாளர் விருமாண்டி அவர்களுக்கு, மாணவர் மதிப்பெண் தரவுத்தளத்தின் சகல அதிகாரங்களும் இன்று முறைப்படி வழங்கப்படுகின்றன. வானம் பூமாரி பொழியட்டும்.

(பொழியவில்லை. வெயில்தான். இதை எனக்குச் சொன்னது அங்கே கம்ப்யூட்டர் பார்க்கிற தமிழ்வாணி. கல்லுப்பட்டி பஸ்ஸில், நின்றுகொண்டே. கல்லூரியின் பெயரைக் கேட்காதீர்கள், அவளுக்கு வேலை வேண்டும்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கறுப்புத் திரையில்* ஒரு வெள்ளைக் கட்டம் சிமிட்டியது, அவளுடைய வாழ்வைப் போலவே, நம்பிக்கைக்கும்..." சீ. யார் வாழ்வு அப்படிச் சிமிட்டுகிறது?

தமிழ்வாணியின் ஏற்பாடு எளிமையானது. கிளார்க் செல்லக்கிளி மதிப்பெண்ணை ஏற்றலாம், அழிக்க முடியாது. செயலாளர் பார்க்கலாம், தொட முடியாது. அழிக்கிற அதிகாரம் தமிழ்வாணிக்கு மட்டும். ஏதாவது அழிந்தால் வேலை போவதும் அவளுக்குத்தான்.

இது விருமாண்டியின் காதுக்குப் போனது.

"ஏம்மா, செல்லக்கிளி எழுதும், நான் வேடிக்கை பாக்கணுமா? கோயில்ல எனக்குத்தான் மொதப் பரிவட்டம், தெரியும்ல?"

"ஐயா, இது மரியாதை இல்லீங்க. பாதுகாப்பு."

"அம்புட்டு அதிகாரத்தையும் குடு. கமிட்டி முன்னாடி குடு."

* மவுஸ் இல்லை, பட்டன் இல்லை. கட்டளையை எழுத்தெழுத்தாகத் தட்ட வேண்டும். படமே இல்லாத டிவி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3

(விருமாண்டி மேல் எனக்கே சந்தேகம். இவ்வளவு வீம்பு ஒரு ஆளுக்குத் தாங்குமா? தமிழ்வாணியிடம் கேட்டேன். "கொறச்சு எழுதுறீங்கண்ணே" என்றாள்.)

கமிட்டி கூடியது. சால்வை வந்தது. 'கிராண்ட் ஆல்' என்று தொடங்கும் ஒரே வரியைத் தட்டினாள். எல்லாம் இவருக்கே என்று அர்த்தம். 'கிராண்ட்' என்று பதில் விழுந்தது, கொடுத்தாயிற்று என்று.

"இம்புட்டுத்தானா? சத்தம் ஏதும் வராதா?"

"அப்ப எனக்கு?" என்றார் துணைத்தலைவர் அழகுராஜா, விருமாண்டியின் மைத்துனர்.

"இருய்யா மாப்ள, மொதல்ல சால்வையப் போட்டு முடிங்க."

அழகுராஜாவுக்கும் ஒரு வரி தட்டினாள். பிறகு வரிசையாக மற்ற உறுப்பினர்களுக்கும். கடைசியில் விருமாண்டிக்கு இன்னொரு குறை. "நாங்க இருக்கிற எடத்துல கிளார்க்கு எதுக்கு? எடுத்துவிட்ரு."

செல்லக்கிளியின் அதிகாரத்தைப் பறித்தாள். அதற்கும் கைதட்டினார்கள்.

4

மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்று, தமிழ்வாணி ராஜினாமாவை மேசைமேல் வீசுகிறாள். (வீசவில்லை. பஸ்ஸில் என்னோடு வந்ததே அன்றைய வேலையை முடித்துவிட்டுத்தான்.) இரண்டு, வெறுமனே பார்க்கிற அதிகாரத்தைக் கொடுத்துவிட்டுக் கமிட்டியையே ஏமாற்றுகிறாள். இதுதான் எனக்குப் பிடித்தது. "எனக்கும் தோணுச்சுண்ணே, பயந்துட்டேன்" என்று அதையும் கெடுத்தாள்.

மூன்றாவது, நடந்தது. மறுநாள் மாலைக்குள் மதிப்பெண் பல்கலைக்கழகத்துக்குப் போயாக வேண்டும். அதிகாரம் உள்ளவர்களில் ஒருவருக்கும் ஏற்றத் தெரியாது. விருமாண்டி செல்லக்கிளியைக் கூப்பிட்டார்.

"இந்தா தாயி, என் பேர்லயே உள்ள போயி நீயே போட்டுரு. கண்ணாடிய வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன்."

ஆக, ஒரு எண்ணைக்கூட அழிக்க முடியாதிருந்த செல்லக்கிளி இப்போது மொத்தத்தையும் அழிக்கலாம். அழிந்தால் வேலை போவது இன்னும் தமிழ்வாணிக்குத்தான். இதற்குமேல் முடிவை உங்கள் கையில் விடுகிறேன், விருமாண்டியே செல்லக்கிளி கையில் விட்டுவிட்டாரே.

பாஸ்வேர்டு அவர் கார் நம்பர். கார் வாசலில்தான் நிற்கிறது.